ஒரு மண்டலம் மீனில்லாத தொட்டி

கடல்மீன் தொட்டி வெச்சிருக்கேன்னு சொன்னதும் ஆபீஸ்ல நாலு பேர்ல மூணு பேரு கேக்குற கேள்வி இதுதான்: "தண்ணிக்கு என்ன பண்ணுவ? பெசன்ட் நகர் போயி கேன்ல புடிச்சிட்டு வருவியா?"

இல்லீங்க சாமி. அடையாறு கடல்ல கலக்குற இடம் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. அந்த ஆறு வழியில என்னத்தையெல்லாம் சுமந்துக்கிட்டு வருதுன்னு தெரிஞ்ச எவனும் அந்தத் தண்ணியில மீன் விட மாட்டான். படகுல போயி ஆழத்துலேருந்து எடுத்துத் தரோம்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. நெசமாவே படகுல போனாங்களா, இல்ல கரையிலயே மொண்டாங்களான்னு யாரு பார்த்தா? அதனால உப்பு வாங்கி வீட்டுலயே கடல் கரைச்சுக்கிறதுதான் நம்ம கட்சி.

இந்த உப்பு மேட்டர்லதான் வீட்டுல மொத பஞ்சாயத்தே ஆரம்பிச்சுது. எங்கப்பா தூத்துக்குடி உப்பளத்துல முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவர். அம்மா போனதுக்கு அப்புறம் எங்ககூட சென்னையிலதான் இருக்கார். காலையில பேப்பர், சாயந்திரம் மொட்டை மாடி, நடுவுல ஒண்ணும் கிடையாது. அப்படிப்பட்டவர் முன்னாடி நான் ஒரு வாளி இறக்குமதி உப்பைக் கொண்டாந்து வெச்சு, விலையையும் சொல்லித் தொலைச்சேன்.

"ஏல, உப்புக்கா? நம்ம ஊர்க்காரன் உப்ப காசு குடுத்து வாங்குனான்னு வெளிய சொல்லிராத."

நானும் கைப்புள்ள கணக்கா நெஞ்சை நிமித்தி விளக்கம் குடுத்தேன். கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதுல நூத்துக்கு 85 பங்கு சோடியமும் குளோரைடும்தான், நாம ரசத்துல போடுற அதே சரக்கு. மிச்சம் 15 பங்குலதான் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டுன்னு எல்லாம் ஒளிஞ்சிருக்கு. அது இல்லாம கடல் உயிர் எதுவும் பொழைக்காது. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு குறுக்க பூந்துட்டார். "அதான் தெரியுமே. இருபத்தஞ்சு டிகிரில உப்பு விழும். முப்பதுக்கு மேல போனா கசப்புத் தண்ணி, அத வெளிய விட்ருவோம். நீ சொல்ற மெக்னீசியம் பூரா அதுலல்லா போவுது!"

அவ்வ்வ்வ். எஞ்சினியரிங் படிச்சது நானு, பாடம் எடுக்குறது அவரு. உப்பளத்துல பாத்திக்குப் பாத்தி தண்ணியோட அடர்த்திய பாமே டிகிரிலதான் அளப்பாங்களாம். நான் அடர்த்தி 1.025 இருக்கணும்னு சொன்னா, "அது என்ன கணக்கு, டிகிரில சொல்லு"ங்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தா மூணரை வருது. "அப்பச் சரி. கடல் தண்ணி மூணரைதான்." அன்னையிலேருந்து எங்க வீட்டுல உப்பு அளக்குற டிபார்ட்மெண்ட் அவரோடது. ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு சின்னக் குழாய், ரெண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணுல வெச்சுப் பாக்கணும். பால்கனியில நின்னு கப்பல் கேப்டன் மாதிரி அவரு பாக்குற அழகை எங்க வீட்டுத் தங்கமணி போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க.

சரி, தொட்டிக்கு வருவோம். மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உசரம். கணக்குப்படி 190 லிட்டர், கல்லு மண்ணெல்லாம் போக உள்ள நிக்கிற தண்ணி 160 தான். "கடல் தொட்டியா, சின்னதா ஒண்ணு வாங்கிப் பழகிக்கிறேன்"னு பல பேரு 20 லிட்டர்ல ஆரம்பிக்கிறாங்க. என்னக் கேட்டா அது தலைகீழ். சின்னத் தொட்டியில ஒரு நாள் தண்ணி ஆவியானாலே உப்பு எகிறிடும், ஒரு நத்தை செத்தாலே தண்ணி கெட்டுடும். பெருசுல தப்புக்குக் கொஞ்சம் தவணை கிடைக்கும். ஆனா எடை கால் டன்னை நெருங்கும். அதனால இரும்பு ஸ்டாண்டு, சுவரோரம், அடியில பலகை. மூணாவது மாடியில நடு ஹால்ல வைக்கிற ஐடியா இருந்தா அதை இத்தோட மறந்துடுங்க.

தண்ணிக்கு ஆர்.ஓ., அதுக்கு மேல டி.ஐ. ஃபில்டர். போர் தண்ணியில நேரா உப்பைக் கரைச்சா அதுல இருக்குற சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் உள்ள வந்து பாசிக்கு விருந்து வெச்சிடும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர்றதுக்கு ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும்ங்கிறது எனக்கு உறுத்துற விஷயம். 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வறண்டு, ஆபீசுக்கே வராதீங்க, வீட்டுலேருந்தே பொட்டி தட்டுங்கன்னு ஓ.எம்.ஆர். கம்பெனிங்க சொன்ன ஊருங்க இது. அதனால அந்தக் கழிவுத் தண்ணி பூரா டிரம்முல புடிச்சு வீடு துடைக்க, வண்டி கழுவன்னு போகுது. தங்கமணி போட்ட கண்டிஷன் அது. மீறினா தொட்டியும் நானும் மொட்டை மாடிக்குத்தான்.

அடுத்தது கல்லு. இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும்.

வெளிநாட்டுப் புத்தகம் எதை எடுத்தாலும் கடல் தொட்டிக்கு உயிர்க்கல் போடுன்னுதான் இருக்கும். பவளத்திட்டுலேருந்து எடுத்த, ஓட்டை ஓட்டையா இருக்குற கல்லு. அதுக்குள்ள நல்ல பாக்டீரியா குடியிருக்கும், தண்ணிய அதுவே சுத்தம் பண்ணிக்கும். கொளத்தூர்ல மீன் கடைங்க வரிசையா இருக்கே, அங்க ஒரு கடையில நான் கடல் தொட்டின்னு வாயத் தொறந்ததும் பையன் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரிஜினல் ராமேஸ்வரம் கல்லு இருக்கு, உள்ள வாங்க"ன்னான். கிலோ கணக்குல விலை. நம்ம நாட்டுல பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. 1972 சட்டம், 2001ல அதோட முதல் அட்டவணையில பவளத்தையும் கடல் குதிரையையும் சேர்த்தாங்க. எடுக்கிறதும் குத்தம், விக்கிறதும் குத்தம், வாங்கி வீட்டுல வைக்கிறதும் குத்தம். செத்த பவளம்தானேன்னு எல்லாம் தப்பிக்க முடியாது.

நான் வேண்டாம்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னப்போ அப்பா சிரிக்கல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நம்ம பழைய வீட்டு அஸ்திவாரம் பூரா அந்தக் கல்லுதான்ல"ன்னார்.

அவரு சின்ன வயசுல வல்லத்துல போயி கடல்லேருந்து பவளக் கல்லை உடைச்சு அள்ளிக்கிட்டு வருவாங்களாம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது பாதி, வீடு கட்டப் போனது பாதி. யாரும் அதைத் தப்புன்னு நெனைக்கல. கடல்ல கெடக்குற கல்லு, எடுத்தா திரும்ப வளரும்னு சொல்லிக்கிட்டாங்களாம். வளரத்தான் செய்யும், ஆனா திட்டு கட்டுற பவளத்துல பல வகை வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு செண்டிமீட்டர்கூடத் தேறாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு நாம ஸ்கூல்ல படிச்சோம். அதுல தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இப்போ தண்ணிக்கு மேல இல்ல. சுத்தி இருந்த பவளத்திட்டை வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஆள் இல்லாம மண்ணு கரைஞ்சு போச்சு. 1986லேயே அந்தப் பகுதிய கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாச்சு. ஆனா 2001ல சட்டம் இறுகின பிறகும் சில வருஷம் கல்லு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

நான் பொறந்து வளர்ந்த வீடு ஒரு தீவோட தடுப்புச் சுவரைப் பேத்துக் கட்டினதுன்னு இருபத்தெட்டு வயசுல தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வீட்டை நாங்க வித்து ஆறு வருஷமாகுது. அப்பா அதுக்கப்புறம் ரெண்டு நாள் தொட்டிப் பக்கம் வரல. மூணாவது நாள் வந்து, "நீ என்ன கல்லு போடப் போற?"ன்னு கேட்டார். சுட்ட செராமிக் கல்லுப்பா, உள்ள பூரா நுண்துளை, பாக்டீரியாவுக்கு அது போதும்னேன். கையில வாங்கித் தட்டிப் பார்த்தார். "ஓட்டுச் சத்தம் வருது, நல்லாத்தான் வெந்திருக்கு"ன்னு சர்டிபிகேட் குடுத்தார்.

கல்லை அடுக்கி, மணலைப் பரப்பி, உப்புத் தண்ணிய ஊத்தி, பம்பைப் போட்டாச்சு. ரெண்டு நாள் கலங்கல், மூணாம் நாள் கண்ணாடி மாதிரித் தெளிஞ்சுது. எதிர் வீட்டுப் பொடியன், ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான், ஓடி வந்து, "அங்கிள், நீமோ இன்னைக்கு வருமா?" (அங்கிளாம்! எல்லாம் நேரம்.)

இன்னைக்கு வராது. இந்த மாசமே வராது. இதைத்தான் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டேங்கிறார்.

மீனு செவுள் வழியா அமோனியாவை வெளிய விடுது. கடல்ல அது எங்கயோ கரைஞ்சு காணாமப் போயிடும். தொட்டியில எங்க போகும்? அதே தண்ணியிலதான் அது மூச்சு விடணும். இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, கடல் தண்ணியோட பி.எச். 8.2 கிட்ட இருக்கும். நல்ல தண்ணித் தொட்டியில ஏழுன்னு வெச்சுக்கோங்க. பி.எச். கூடக்கூட அமோனியா விஷமில்லாத வடிவத்துலேருந்து விஷ வடிவத்துக்கு மாறும். அதே அளவு அமோனியா நல்ல தண்ணியில பண்ற கெடுதலைவிட கடல் தண்ணியில சுமார் பத்து மடங்கு கெடுதல் பண்ணும். தங்கமீன் தாங்குச்சே, இது தாங்காதான்னு கேக்குறவங்களுக்குப் பதில் இது.

அமோனியாவைத் தின்ன ஒரு பாக்டீரியா கூட்டம் இருக்கு, நைட்ரோசோமோனாஸ் வகையறா. அது தின்னுட்டு நைட்ரைட்டை விடும். அந்த நைட்ரைட்டைத் தின்ன இன்னொரு கூட்டம், அது விடுறது நைட்ரேட். நைட்ரேட் ஓரளவு இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணி மாத்தி வெளிய எடுத்துடலாம். ரெண்டாவது கூட்டம் நைட்ரோபாக்டர்னு ஸ்கூல்ல படிச்சோம். மீன் தொட்டியில அந்த வேலையைச் செய்யிறது பெரும்பாலும் நைட்ரோஸ்பைராதான்னு 1998ல கண்டுபிடிச்சாங்க. 2015ல இன்னும் ஒரு படி மேல போயி, ரெண்டு வேலையையும் ஒத்தை ஆளாப் பாக்குற நைட்ரோஸ்பைராவே இருக்குன்னு தெரிஞ்சுது. ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்!

இந்தக் கூட்டங்கள் கல்லுல குடியேறி, பெருகி, வர்ற அமோனியாவை வந்த வேகத்துல காலி பண்ற நிலைக்கு வர்றதுக்குப் பேருதான் சைக்கிளிங். இட்லி மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியா மாதிரி ராத்திரி கரைச்சு காலையில பொங்குற சாதி இல்ல இது. ஒண்ணு ரெண்டாகவே அரை நாளு ஒரு நாளு எடுத்துக்கும். அதனால நாலு வாரத்துலேருந்து ஆறு வாரம். ஒரு மண்டலம் விரதம்னு வெச்சுக்கோங்க. புட்டியில பாக்டீரியா கெடைக்குது, ஊத்தினா நாள் குறையலாம். ஆனா அது குளிர்ச்சியில வெச்சு வந்துச்சா, வெயில்ல லாரியில வெந்து வந்துச்சாங்கிறதைப் பொறுத்தது அது. ஊத்தினவங்களும் டெஸ்ட் பண்ணித்தான் நம்பணும்.

ஆனா பாக்டீரியாவுக்குத் தீனி வேணுமே? அதுக்குக் கடைக்காரங்க சொல்ற வழி, "விலை கம்மியா நாலு டாம்சல் மீன் போடுங்க சார், அது தாங்கும்." தாங்கும்னா என்ன அர்த்தம்? செவுள் வெந்துக்கிட்டே உயிரோட இருக்கும். எங்க டேமேஜர் அப்படித்தான் தொட்டி வாங்கின அன்னிக்கே ஆறு மீனு விட்டார். பத்து நாள்ல ஒண்ணு மிச்சம். "மீனு குவாலிட்டி சரியில்லப்பா"ன்னு என்கிட்டயே சொன்னார். அப்ரைசல் மாசம்ங்கிறதால நானும் தலையாட்டிட்டேன். அவரு பொண்ணு ஒவ்வொண்ணையும் தொட்டிச் செடியில பொதைச்சு பேரு எழுதி வெச்சிருக்கு, அது வேற கதை.

ஒரு பச்சை இறாலை உள்ள போட்டு அழுக விடுறது இன்னொரு வழி. வேலைக்காவும், ஆனா வீட்டுல குடியிருக்க முடியாது. நான் போனது மூணாவது வழி: அமோனியம் குளோரைடு. அதாங்க நம்ம நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவரு ஒரு சிட்டிகை போட்டு புகை கெளப்புவாரே, அதே. கடைச் சரக்குல என்ன கலந்திருக்குமோன்னு ஆய்வகத் தரத்துல வாங்கினேன். 160 லிட்டர்ல அமோனியா 2 பிபிஎம் வரணும்னா சரியா ஒரு கிராம் போதும். அள்ளிக் கொட்டக் கூடாது, 5 பிபிஎம் தாண்டினா பாக்டீரியாவே சுணங்கிடும்.

அதுக்கப்புறம் எக்செல் ஷீட்டும் டெஸ்ட் கிட்டும்தான் வாழ்க்கை. மொத எட்டு நாள் அமோனியா 2லயே நின்னுச்சு. ஒன்பதாம் நாள் அசைஞ்சுது. பன்னெண்டாம் நாள் நைட்ரைட் தலை காட்டி, இருபதாம் நாள் வாக்குல டெஸ்ட் கிட்டுல அதுக்கு மேல கலரே இல்லங்கிற அளவு ஊதாவா நின்னுச்சு. அப்புறம் பத்து நாளு அசையவே இல்ல. வெளக்குப் போடல, போட்டா பாசிதான் வளரும். ராத்திரி ஆபீஸ் ஆணியெல்லாம் முடிச்சு வந்து, இருட்டுல வெறும் தண்ணி முன்னாடி டார்ச்சோட நான் உக்காந்திருக்க, "இதுக்கு எங்கப்பா பார்த்த அந்த பேங்க் மாப்பிள்ளையே தேவலை"ங்கிறாங்க தங்கமணி.

முப்பத்தெட்டாம் நாள் காலையில நைட்ரைட் சைபர். மண்டலத்துக்கு மூணு நாள் பாக்கி. உடனே மீனு வாங்க ஓடல, லோட் டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்கே. மறுபடி ஒரு கிராம் நவச்சாரம், 24 மணி நேரம் காத்திருப்பு. அமோனியா சைபர், நைட்ரைட் சைபர். புரொடக்‌ஷனுக்குப் போலாம். பாதித் தண்ணிய மாத்தி ஏறிக் கெடந்த நைட்ரேட்டை எறக்கினேன்.

வெயிலையும் கரண்டையும் சொல்லாம விட்டா சென்னைப் பதிவாகாது. ஊட்டிக்காரங்க வேணா ஹீட்டர் வாங்கட்டும், நமக்கு ஃபேன்தான். மே மாசம் தொட்டித் தண்ணி 31, 32ன்னு நிக்கும், மீனுக்கு வேண்டியது 25, 26. சில்லர் வாங்க சொத்தை எழுதணும். தண்ணி மேல காத்துப் படுற மாதிரி ரெண்டு சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், மண்பானைத் தத்துவம்தான். ஆனா தினம் ரெண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு உள்ளயே நிக்கும். அதனால ஊத்த வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணி, உப்புத் தண்ணி இல்ல. இதை மட்டும் அப்பாவுக்கு விளக்க வேண்டிய அவசியமே வரல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. அதை மனசுல வெச்சு, அலை பம்பு ஒண்ணை இன்வெர்ட்டர்ல மாட்டி, பேட்டரியில ஓடுற காத்து மோட்டார் ஒண்ணும் அலமாரியில வெச்சிருக்கேன். ஃபில்டர் ஓடலேன்னா மீனு ஒரு நாள் தாங்கும், தண்ணி அசையலேன்னா ராத்திரி தாண்டாது.

கடைசியா மீனு. ரெண்டே ரெண்டு கோமாளி மீனு, கடல்ல புடிச்சது இல்ல, தொட்டியிலயே பொரிச்சது. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிற தொழில்நுட்பத்தைக் கொண்டாந்திருக்காங்க. அதனால கடல்லேருந்து அள்ளுறதுக்கு இதுல சாக்கே கிடையாது. நல்லாப் பார்த்துக்கிட்டா இருபது வருஷம்கூட வாழும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த நம்பரை ஒரு தடவை நெனைச்சுப் பாருங்க. நான் நெனைச்சப்போ கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நெனைப்பு எனக்கு எழுபது வயசான அப்பா மேல போச்சு.

இப்ப காலையில ஆறு மணிக்குத் தண்ணி ஊத்துறதும், ஏழு மணிக்குத் தீனியும் அவரு பொறுப்பு. எக்செல் ஷீட்டைக் கைவிட்டாச்சு. நீளமான கணக்கு நோட்டுல, உப்பளத்துக் கையெழுத்துல, தேதி போட்டு டிகிரி எழுதுறார். 3.5, 3.5, 3.6. பக்கத்துல சிவப்பு மையில 'தண்ணி 2 லிட்டர்'.

எதிர் வீட்டுப் பொடியனுக்குத்தான் ஒரு ஷாக். கோமாளி மீனு எல்லாமே பொறக்கும்போது ஆணுதான், கூட்டத்துல பெரியது பெண்ணா மாறிடும், அந்தப் படத்துல வர்ற அம்மா செத்ததும் அப்பாதான் அம்மாவா மாறியிருக்கணும்னு சொல்லித் தொலைச்சேன். ரொம்ப நேரம் கண்ணாடியில மூக்கை ஒட்டி வெச்சுப் பார்த்துட்டு, "அப்ப இதுல யாரு நீமோ?"ன்னு கேட்டான்.

"சின்னது"ன்னார் அப்பா, நோட்டுலேருந்து தலையத் தூக்காம.

டிஸ்கி: டோரி மீனை இந்த அளவுத் தொட்டிக்குக் கேக்காதீங்க மக்கா, அது ஒரு அடி வளரும். கடல் குதிரையக் கேக்கவே கேக்காதீங்க.